இங்கிலீஷ் சீக்கு

பெர்கன்,
18 ஜனவரி 1925

போர்கில்ட் அக்காவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடாதே. சண்டை போட எழுதவில்லை. என் கல்யாணத்துக்கு நீ வராததைக் கிளறப் போவதில்லை. அக்டோபரில் நீ அனுப்பிய மீன் எண்ணெய்ப் புட்டியோடு ஒரு சீட்டு வைத்திருந்தாயே, அதையும் கிளறப் போவதில்லை. "குழந்தைக்கு. உன் கரிக் கப்பல்காரன் இதைக்கூட வாங்கித் தரமாட்டான்." எனக்கு மனப்பாடம். புட்டி படிக்கட்டுக்குக் கீழே அரக்குகூட உடையாமல் இருக்கிறது. அதைத் திறந்தால் நீ எழுதியது உண்மை என்றாகிவிடும், அதனால் திறக்கவில்லை. நானே கடையில் வாங்கிக்கொள்வேன் என்று இருந்தேன். வாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

பையன் இவாரைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன வாரம் அடுப்புக்குப் பக்கத்தில் தொட்டியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டினேன். நெஞ்சில் சோப்புப் போட்டபோது கை தடுக்கியது. விலாவின் கீழ்ப் பகுதி இரண்டு பக்கமும் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது அக்கா. கவிழ்த்துவைத்த கிண்ணத்தின் விளிம்பு மாதிரி. அதற்கு மேலே ஒரு பள்ளம் ஓடுகிறது, என் சுட்டுவிரல் அதில் படுக்கிறது. முன்பே இருந்து நான் கவனிக்காமல் இருந்தேனா, திடீரென்று வந்ததா, தெரியவில்லை. குளிர் என்று எப்போதும் மூன்று சட்டை போட்டு வைத்திருக்கிறேன், எங்கே பார்ப்பது?

ஒரு வயது தாண்டிவிட்டது, இன்னும் நிற்கவில்லை. தூக்கி நிறுத்தினால் கால் துவள்கிறது, அழுகிறான். தூங்கும்போது தலை மட்டும் வியர்த்துத் தலையணை நனைகிறது. கீழ்வீட்டு மோன்சென் அம்மா, "பையன் சோம்பேறி, அவ்வளவுதான்" என்கிறாள். விலாவை அவளிடம் காட்டவில்லை. காட்டினால் இந்தச் சந்து முழுக்கத் தெரிந்துவிடும்.

நம் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா? நம் சின்னத் தம்பி இறந்தபோது எனக்கு நினைவு தெரியாது. அவனுக்கு இப்படித்தான் இருந்ததா? இதைக் கேட்கத்தான் எழுதினேன். வேறு யாரைக் கேட்பேன்? என் வீட்டுக்காரர் ஹல்வார் கரிக் கப்பலில் இருக்கிறார்.

குன்வோர்

*

ஸ்கார்வோய்,
28 ஜனவரி

குன்வோர்,

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. எங்கள் அடுப்பில் இடமில்லை, மீன் காலம் ஆரம்பித்துவிட்டது. மீன் ஈரலைக் காய்ச்சி எண்ணெய் வடிக்கும் கொட்டகையில் விடிந்ததிலிருந்து நிற்கிறேன். தாளில் எண்ணெய்க் கறை இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு படி. பட்டணத்து மூக்கு அல்லவா.

தம்பி இறந்தது தொண்டை அடைப்பான் நோயில். விலா நன்றாகத்தான் இருந்தது. அவனைக் கடைசியாகக் குளிப்பாட்டியவள் நான், எனக்குத் தெரியும். அந்த பயத்தை விடு.

பையன் நிறைய அழுகிறானோ? அழுதழுது வயிறு உப்பி விலாவைத் தள்ளியிருக்கும். கம்பளித் துணியைப் பட்டையாகக் கிழித்து நெஞ்சுக்குக் கீழே இறுக்கிக் கட்டு. எலும்பு இளசுதானே, உள்ளே போய்விடும். பெரியப்பா மகன் ஓலாவுக்குக் கோழி நெஞ்சு மாதிரி மார்பெலும்பு முன்னால் துருத்தியிருக்கும், அவன் இன்றைக்கு நம் தீவிலேயே பெரிய படகு வைத்திருக்கிறான்.

புட்டியைத் திறக்காவிட்டால் பூட்ஸுக்காவது தடவு. நல்ல எண்ணெய், நானே வடித்தது. சீட்டில் எழுதியதை நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. உன் வீட்டுக்காரனைக் கல்யாணத்துக்கு முன் ஒரே ஒரு முறை பார்த்தேன், துறைமுகத்தில், நிற்கவே முடியாத அளவுக்குக் குடித்திருந்தான்.

போர்கில்ட்

அதிகமாக பயப்படாதே. நீ பயந்தால் எனக்கும் கை ஓடாது.

*

பெர்கன்,
7 பிப்ரவரி

அக்கா,

துணியைக் கட்டினேன். கட்டியதும் அவனுக்கு மூச்சு வாங்கியது, அவிழ்த்துவிட்டேன். ஆனால் எழுத வந்தது அது அல்ல.

சிரிக்காமல் படி. படித்ததும் கிழித்துப் போடு.

குழந்தைகளைப் பார்க்க வீடு வீடாக வரும் நர்ஸ் செவ்வாய்க்கிழமை வந்தாள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டாள், இவார் சட்டை இல்லாமல் இருந்தான். விலாவில் விரலை ஓட்டினாள், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், நெற்றியைத் தடவினாள். என்னிடம், "அடுத்த வாரம் டாக்டரோட வர்றேன், பயப்படாதீங்க" என்றாள். பயப்படாதீங்க என்று சொல்பவர்களைக் கண்டால்தான் எனக்கு பயம். அவள் இறங்கும்போது கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக் காது கொடுத்தேன். படிக்கட்டில் மோன்சென் அம்மா கேட்கிறாள், "என்ன சிஸ்டர், மேல் வீட்டுப் புள்ளைக்கு என்ன?" இவள் சொல்கிறாள், "இங்கிலீஷ் சீக்குதான். பார்த்தாலே தெரியுது."

அக்கா, பிரெஞ்சுச் சீக்கு என்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? மீன் காலம் முடிந்ததும் துறைமுகத்துப் பெண்களிடம் போன ஆண்களை அம்மா அந்தப் பெயர் சொல்லித்தான் காறித் துப்புவாள். அப்படியென்றால் இங்கிலீஷ் சீக்கு வேறு எதுவாக இருக்கும்?

ஹல்வாரின் கப்பல் எங்கே போகிறது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்துக்குப் போய்க் கரி ஏற்றி வருகிறது. கல்யாணமான நாளிலிருந்து அதே துறைமுகம்தான்.

எனக்கு எதுவும் தெரியவில்லை, என் உடம்பில் ஒன்றும் இல்லை. ஆனால் தகப்பனுக்கு இருந்தால் தாய்க்குத் தெரியாமலே குழந்தைக்கு இறங்கும் என்று சொல்வார்கள் இல்லையா? எலும்பைத் தின்னும் என்றும் சொல்வார்கள். இவாரின் விலாவைத் தொட்டதும் கையை இழுத்துக்கொள்கிறேன். டாக்டர் வந்தால் எங்கள் பெயரை எழுதிக்கொள்வார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கதவைப் பூட்டிவிட்டேன், திரையை இழுத்துவிட்டேன்.

நீ சொல்வதைச் செய்கிறேன். சீக்கிரம் எழுது.

குன்வோர்

*

ஸ்கார்வோய்,
16 பிப்ரவரி

என் கண்ணே குன்வோர்,

உன் கடிதத்தைக் கொட்டகைக்குப் பின்னால் நின்று படித்தேன். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, கூட வேலை செய்யும் பெண் வந்து, "ஈரல் கருகுது போர்கில்ட், தூங்கிட்டியா?" என்று கத்தினாள்.

நான் சொன்னேனே. அப்போதே சொன்னேனே! பெயரிலேயே இருக்கிறது. அவன் அந்த ஊரிலிருந்து கரியை மட்டுமா கொண்டுவந்தான்? எனக்கு இதில் சந்தோஷம் என்று நினைக்காதே. நான் சொன்னது பலித்துவிட்டதே என்று மனசு ஆறவில்லை.

இங்கே யாரிடமும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன்? தீவில் காலையில் கேட்டால் மத்தியானத்துக்குள் எல்லாப் படகிலும் பேசுவார்கள். ஆனால் அதற்கு என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். பேனுக்குப் பூசும் சாம்பல் நிறக் களிம்பு இருக்கிறதே, பாதரசம் கலந்தது, அதைத்தான் தேய்ப்பார்கள். நம் அப்பாவின் படகில் வேலை செய்த ஆளுக்கு அதைத்தான் தேய்த்தார்கள், பிழைத்துக்கொண்டான். மருந்துக் கடையில் தலைக்கு என்று சொல்லி வாங்கு. ராத்திரி படுக்கும் முன் விலாவில் கொஞ்சம் தேய். குழந்தையை யாருக்கும் காட்டாதே. வெளியே எடுத்துப் போகாதே. அந்த நர்ஸ் வந்தால் ஊருக்குப் போயிருப்பதாக மோன்சென் அம்மாவைச் சொல்லச் சொல்.

உன் வீட்டுக்காரனைக் குழந்தைப் பக்கம் விடாதே.

மீன் காலம் முடிந்ததும் நான் வருகிறேன். என்னை நம்பு.

உன் அக்கா

*

பெர்கன்,
1 மார்ச்

அக்கா,

எல்லாம் நீ சொன்னபடி செய்கிறேன்.

ஹல்வார் வந்தார். கையில் இங்கிலீஷ் பிஸ்கட் டப்பா, மூடியில் குதிரைப் படம். இவாருக்கு. நான் அறைக் கதவில் குறுக்கே நின்றேன். "என்னடி ஆச்சு? எம் புள்ளைய நான் பார்க்கக் கூடாதா?" என்றார். "உனக்கே தெரியும்" என்றேன். "என்ன தெரியும்? சொல்லித் தொலையேன்!" என்றார். என் வாயால் அந்தப் பெயரை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. ரொம்ப நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பிறகு கப்பலிலேயே படுத்துக்கொள்ளப் போய்விட்டார். டப்பாவைச் சந்தில் வீசினேன். மூடி உருண்டு போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவர் குடித்திருக்கவில்லை அக்கா. குடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இவாருக்கு என்னவோ ஆகிறது. வாயிலிருந்து எச்சில் வடிந்துகொண்டே இருக்கிறது, பல் வருகிறது என்று முதலில் நினைத்தேன். ஈறு வீங்கிச் சிவந்திருக்கிறது. பால் குடிக்க வாயைத் திறந்தால் வலித்து அழுகிறான். மூச்சில் ஒரு நாற்றம், தகரம் மாதிரி. களிம்பு வேலை செய்கிறது, கெட்டது வெளியே வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்படித்தானே? அப்படித்தான் என்று எழுது.

நேற்றிலிருந்து இருமல். மூச்சு இழுக்கும்போது அந்தப் பள்ளம் உள்ளே போகிறது. ரொம்ப உள்ளே போகிறது. கீழே இருக்கும் விளிம்பு மட்டும் வெளியே நிற்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்க்கிறேன். உள்ளே போனது திரும்பி வரும்வரை நானும் மூச்சை விடுவதில்லை.

அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

நர்ஸ் இரண்டு முறை தட்டினாள். குழந்தையின் வாயை மெதுவாகப் பொத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். அவள் போன பிறகு என் கையைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

குன்வோர்

*

தந்தி
ஸ்கார்வோய், 9 மார்ச்

களிம்பு நிறுத்து. கழுவு. நர்ஸைக் கூப்பிடு. சீக்கு அது இல்லை. என் புட்டியைத் திற. போர்கில்ட்.

*

ஸ்கார்வோய்,
9 மார்ச்

குன்வோர்,

தந்தி கிடைத்ததா? தபால் கொண்டுபோகும் கப்பல் வர இன்னும் நாளாகும், அதற்குள் எழுதி வைக்கிறேன். எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

உன் கடிதம் இன்று காலை வந்தது. எச்சில், ஈறு என்று இருந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாவட்ட டாக்டர் லுண்டே மீனவர்களைப் பார்க்கப் படகில் வந்திருந்தார். யாருக்கோ தூண்டில் முள் ஏறிய விரலைக் கீறிவிட்டு, குளிர் காயக் கொட்டகைக்குள் வந்தார். பெயர் போனால் போகட்டும் என்று கேட்டுவிட்டேன். தெரிந்த ஒருத்தியின் குழந்தை என்றேன்.

"இங்கிலீஷ் சீக்குக்கு என்ன வைத்தியம் டாக்டர்? அது கப்பல்காரங்க அந்த ஊர்ப் பொம்பளைங்ககிட்ட வாங்கிட்டு வர்றதுதானே?"

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அடக் கடவுளே! இதை யாரும்மா உனக்குச் சொன்னது? இங்கிலாந்துல புகை மூடுன சந்துல வளர்ற புள்ளைங்ககிட்ட அதிகமா பார்த்தாங்க, அதான் அந்தப் பேரு. வெயில் படாத புள்ளைக்கு எந்த ஊர்லயும் வரும். எலும்புல சுண்ணாம்பு ஏறாது, மெழுகு மாதிரி இருக்கும். மூச்சு இழுக்குறப்போ உள்ள இருக்குற தசை விலாவ உள்ளுக்கு இழுக்கும், அங்க பள்ளம் விழும். அதுக்குக் கீழ இருக்குறத வயிறு வெளிய தள்ளும். துருத்தாம என்ன பண்ணும்?"

"களிம்பு தேய்ச்சிருக்காங்க" என்றேன்.

"என்ன களிம்பு?"

சொன்னேன். சிரிப்பு நின்றது. குவளையைக் கீழே வைத்தார். "பாதரசமா? அந்தக் குழந்தைக்கா? உடனே நிறுத்தச் சொல்லு. இப்பவே. மெத்துனு இருக்குற விலாவுக்குள்ள நுரையீரல்ல சளி கட்டினா..." என்று பாதியில் விட்டுவிட்டார். பாதியில் விட்டது எனக்குள் முழுசாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பிறகு கேட்டார், "வைத்தியம் ரொம்பச் சாதாரணம். வெயிலும் மீன் எண்ணெயும். அந்தப் பொண்ணுக்கு எண்ணெய் எங்க கிடைக்கும்னு தெரியாதா?"

அகப்பையை வைத்துக்கொண்டு கொப்பரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன் குன்வோர். முழங்கை வரை அந்த எண்ணெய்தான். என் தலைமுடியில் அந்த நாற்றம்தான். இந்தத் தீவில் கழுதை வயதாகி நிற்கிறேன், வருஷா வருஷம் இதைத்தான் காய்ச்சுகிறேன், இவாருக்கு விஷத்தைத் தேய்க்கச் சொன்னேன். சீட்டில் அந்த வரியை எழுதாமல் இருந்திருந்தால் நீ அக்டோபரிலேயே புட்டியைத் திறந்திருப்பாய்.

அவன் இருக்கிறானா? ஒரு வார்த்தை தந்தி அடி.

போர்கில்ட்

*

ஸ்கார்வோய்,
15 மார்ச்

குன்வோர்,

ஒன்றும் வரவில்லை. புயலில் கம்பி அறுந்திருக்கிறது என்று தந்தி ஆபீஸ் ஆள் சொல்கிறான். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறானோ என்னவோ. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

கோபமாக இருந்தால் திட்டி எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது. வெறும் தாளை மட்டும் அனுப்பிவிடாதே.

உன் அக்கா

*

பெர்கன்,
10 மே

அக்கா,

ஏப்ரலில் மோன்சென் அம்மாவிடம் "உயிரோடு இருக்கிறான்" என்று மட்டும் உனக்கு எழுதச் சொன்னேன். என் கையால் எழுத எனக்கு மனம் வரவில்லை. இப்போதும் முழுசாக வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

தந்தி வந்த அன்று அவனுக்கு உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. பூட்டிய கதவைத் திறந்து, செருப்புகூடப் போடாமல், யாருக்கு பயந்து ஒளிந்தேனோ அவளைத் தேடிச் சந்து சந்தாக ஓடினேன். நர்ஸ் என்னைத் திட்டவில்லை. குழந்தையைத் தன் மேல்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நுரையீரலில் சளிக் காய்ச்சல். அங்கே உட்கார்ந்திருந்ததைப் பற்றி எழுதப் போவதில்லை. அந்த விலா உள்ளே போவதும் வெளியே வருவதும்தான் எனக்கு உலகம். ஒவ்வொரு தடவையும் இது கடைசி என்றே நினைத்தேன்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ ஹல்வார் வந்தார். கப்பல் அப்போதுதான் கரை சேர்ந்திருந்தது, காதுக்குள்ளெல்லாம் கரி. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, என்னைக் கேட்காமல் நர்ஸைக் கேட்டார், "எம் புள்ளைக்கு என்ன சீக்கு?"

"இங்கிலீஷ் சீக்கு. அதோட சளிக் காய்ச்சல்."

"ஓ, அதா" என்றார் அக்கா. ஓ, அதா! "எங்க வீட்ல என் தங்கச்சிக்கு இருந்துச்சே. கால்கூட வில்லு மாதிரி வளைஞ்சிருந்துச்சு. மீன் எண்ணெய் குடுத்தே அம்மா நிமித்திட்டாங்க. இப்ப அவ நல்லா டான்ஸ் ஆடுறா."

நான் வாய்விட்டு அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன், கதவு, களிம்பு, பிஸ்கட் டப்பா, உன் கடிதம், எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தார். தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "அந்த வார்த்தைய எங்கிட்ட ஒரு தடவ சொல்லியிருந்தா போதுமேடி" என்றார். அவ்வளவுதான். நீ திட்டியிருந்தாலும் அவர் திட்டியிருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

இப்போது எங்கள் சந்தில் வெயில் இறங்குகிறது. மத்தியானம் வாசற்படிக்கு மட்டும் கொஞ்ச நேரம் வரும். இவாரைச் சட்டையைக் கழற்றி அங்கே உட்காரவைக்கிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று. மோன்சென் அம்மாதான் வெயில் நகர நகர அவனை நகர்த்தி வைக்கிறாள். காலையில் ஒரு கரண்டி எண்ணெய். முகத்தைச் சுளிப்பான், விழுங்குவான், பிறகு என்னைப் பார்த்து ஏமாற்றிவிட்டாயே என்பதுபோல உதட்டைப் பிதுக்குவான். நேற்று ஹல்வாரின் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு நின்றான். விழுந்தான். சிரித்தான்.

விலா இன்னும் துருத்திக்கொண்டுதான் இருக்கிறது. வளர வளர அடங்கும், கொஞ்சம் அடையாளம் நிற்கலாம் என்கிறார் டாக்டர். எனக்கு இன்னும் பயம் போகவில்லை. குளிப்பாட்டும்போது விரல் தானாக அந்தப் பள்ளத்தைத் தேடிப் போகிறது. அவனுக்கு அது விளையாட்டு, கூச்சத்தில் நெளிகிறான்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. நீ சொன்னாய், ஆனால் நான்தானே தேய்த்தேன். என்னையே இன்னும் மன்னிக்க முடியவில்லை, உன் முறை எப்போது வருமோ. ஆனாலும் மீன் காலம் முடிந்துவிட்டதே, வருகிறேன் என்றாயே, வா.

புட்டி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. வரும்போது ஒன்று கொண்டுவா, வர முடியாவிட்டால் அனுப்பிவை. சீட்டும் வை அக்கா. இந்த முறை ஹல்வார் பெயருக்கு எழுது.

குன்வோர்